நாற்பத்தேழாம் எண் குழந்தை

பத்து மணி என்று சொன்னால் பத்து மணிக்கு வந்து நிற்கிறவர் அப்பா. நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருஷம் பதிவாளராக இருந்த மனிதர். அதனால் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கே அவருடைய மூத்த மகள் வாசலைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு உன் ஆபீசுக்கு வரேன். போன்ல பேசுற விஷயமில்லை." முந்தைய நாள் மாலை இவ்வளவுதான் சொன்னார். வைத்துவிட்டார்.

அவள் நிர்வகிக்கும் ஆய்வுக்கூடத்தின் படியை ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் மிதித்ததில்லை. பல்கலைக்கழகத்தில் மகளுக்கு வேலை என்று நாலு பேரிடம் நிமிர்ந்து சொல்வார். என்ன வேலை என்று யாராவது கேட்டுவிட்டால் பேச்சை மாற்றிவிடுவார். "கைக்குழந்தைங்க சிரிக்கிறதை எண்ணுறதுக்கு ஒரு கூடம், அதுக்கு ஒரு மேனேஜர்" என்று சாப்பாட்டு மேசையில் முணுமுணுத்ததும் உண்டு.

எண்ணுவது என்னவோ உண்மைதான். பிறந்து சில மாதங்களே ஆன குழந்தை, மனிதர்களோடு உறவாட எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதுதான் அங்கே ஆராய்ச்சி. அம்மா எதிரே உட்கார்ந்து இரண்டு நிமிஷம் குழந்தையைக் கொஞ்சுவாள். அடுத்த இரண்டு நிமிஷம் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்வாள். பிறகு மறுபடியும் இரண்டு நிமிஷம் கொஞ்சுவாள். அம்மாவின் முகம் கல்லாகிப்போன அந்த நேரத்தில் குழந்தை என்ன செய்கிறது? அதைக் கேமரா பார்க்கும், கம்ப்யூட்டர் எண்ணும்.

மற்றதெல்லாம் பெரியவளின் தலையில். தூக்கத்துக்கும் பாலுக்கும் நடுவே எந்தக் குழந்தைக்கு எந்த அரைமணி தோதுப்படும் என்று தாய்மார்களுக்குப் போன் செய்ய வேண்டும். எச்சில் பட்ட பொம்மைகளைக் கழுவிக் காயவைக்க வேண்டும். ஒப்புதல் படிவம், மாற்று டயப்பர், பால் கொடுக்கத் திரை போட்ட மூலை, ஒரே கம்ப்யூட்டருக்காகச் சண்டை போடும் இரண்டு ஆராய்ச்சி மாணவிகள் என்று எல்லாம் அவள் பொறுப்பு. வந்துபோன ஒவ்வொரு குழந்தைக்கும் 'குட்டி விஞ்ஞானி' என்று ஒரு சான்றிதழும் நன்றிக் கடிதமும் கவரில் போட்டு அனுப்புவதும் அவள்தான்.

திங்கட்கிழமை நடந்ததை இங்கே ஒரு முறை சொல்லிவிடுவது நல்லது. அவளுடைய தம்பி வேலை விஷயமாக வெளியூரில் இருக்கிறான். அவன் மனைவி, மாமனாரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஏழு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்து போனாள். சொல்லியிருந்தால் விட்டிருக்கமாட்டார். "நம்ம வீட்டுக் குழந்தை காட்சிப் பொருள் இல்லை" என்று அவர் முன்பே தீர்ப்பெழுதி முத்திரையும் குத்தியாகிவிட்டது. பெரியவளுக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் அப்பாவிடம் வாய் திறக்கவில்லை. அந்தக் குற்றத்தில் அவளுக்கும் பங்கு உண்டு.

சொந்தக்காரக் குழந்தையின் பதிவை அவள் பார்க்கக்கூடாது என்பது கூடத்தின் விதி. அதனால் அன்றைக்குக் குழந்தை உள்ளே இருந்த நேரமெல்லாம் அவள் வராந்தாவில் நின்றாள். பேராசிரியரே எல்லாவற்றையும் செய்தார். நாற்பத்தேழாம் எண்ணில் பதிவைப் பூட்டிவிட்டு, அன்று மாலையே ஒரு கருத்தரங்குக்குக் கிளம்பிப் போனார். இன்றைக்குத்தான் திரும்புகிறார்.

வெள்ளிக்கிழமை மதியம், தடுப்பூசி அட்டையைத் தேடி மேசை இழுப்பறையைத் திறந்த அப்பாவின் கையில் ஒரு தாள் அகப்பட்டது. அந்தத் தாளைப் பற்றிப் பெரியவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

பத்து மணி ஆனது. அப்பா வந்தார்.

மடிப்புக் கலையாத சட்டை, நிமிர்ந்த முதுகு. பின்னால் தம்பி மனைவி. நாலு நாள் தூங்காத முகம். அவள் தோளில் குழந்தை. பிறந்த அன்று துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது அத்தைக்காரி 'பொட்டலம்' என்றாள். அதுவே பெயராக நிலைத்துவிட்டது. பொட்டலம் அத்தையைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டியது. அத்தை வாங்கப் போனாள். தம்பி மனைவி குழந்தையைக் கொடுக்கவில்லை.

"உட்காருங்கப்பா."

"இதுலயா?" முழங்கால் உயரத்துக்கு இருந்த மஞ்சள் நாற்காலியைப் பார்த்தார் அப்பா. "வேண்டாம். நிக்கிறேன்."

சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துப் பிரித்து, மேசைமேல் வைத்து நீவிவிட்டார்.

"இது உன் கூடத்துக் காகிதம்தானே?"

பெரியவள் பார்த்தாள். குழந்தை எண் நாற்பத்தேழு. சிரிப்பு: பூஜ்யம். தாயின் முகத்தை நோக்குதல்: பூஜ்யம். குரல் எழுப்புதல்: பூஜ்யம். கை நீட்டுதல்: பூஜ்யம். கடைசி வரியில், 'சமூகப் பதில் எதுவும் பதிவாகவில்லை.'

இந்தத் தாள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே வரவே கூடாது. எந்தத் தாயிடமும் எந்தக் காலத்திலும் போகக்கூடாது.

"இது எப்படி உங்ககிட்ட..."

"நீங்க அனுப்பின கவர்லதான் இருந்துச்சு அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "சான்றிதழுக்கும் கடிதத்துக்கும் நடுவுல. செவ்வாய்க்கிழமை வந்துச்சு."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே!"

"என்னன்னு கேக்குறது? நீங்களே அனுப்பியிருக்கீங்க. நேர்ல சொல்லத் தைரியமில்லாம கவர்ல வெச்சு அனுப்பிட்டீங்கன்னு நினைச்சேன்."

அவள் மருந்துக்கடையில் மருந்தாளுநர். மருத்துவர் சீட்டில் எழுதியதை எழுதியபடி நம்பிப் பழகியவள். அச்சில் வந்த பூஜ்யத்தை அவள் எப்படிச் சந்தேகப்படுவாள்?

"நாலு நாளா கை தட்டுறேன், கூப்பிடுறேன், பாட்டுப் பாடுறேன். சிரிக்கத்தான் சிரிக்கிறான். ஆனா என்னைப் பார்த்துச் சிரிக்கிறானா, பின்னாடி சுத்துற ஃபேனைப் பார்த்துச் சிரிக்கிறானான்னு எனக்கே தெரியலை அண்ணி. பெத்தவளுக்கே தெரியலைன்னா..."

பொட்டலம் அவள் முகத்தை அண்ணாந்து பார்த்து, கன்னத்தை ஒரு பிடி பிடித்தது.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "மொதல்ல ரெண்டு கேள்வி. இதுக்கு நேரா பதில் சொல்லு. குழந்தைக்கு ஏதாவது இருக்கா, இல்லையா? இந்தக் காகிதம் உங்க பதிவுல இருந்து எடுபடுமா, எடுபடாதா?"

"அதுல பேர் இல்லைப்பா. எண் மட்டும்தான்..."

"எண்ணைப் புரட்டினா பேர் வரும். எனக்கே சொல்றியா? ஊர்ப்பட்ட கேஸ் கட்டைப் புரட்டினவன் நான். நம்ம வீட்டுப் பிள்ளை மேல இப்படி ஒரு எழுத்து எங்கேயும் கிடக்கக்கூடாது."

'ஒண்ணும் இருக்காதுப்பா' என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. ஆறு வருஷமாகப் பதற்றத்தோடு கேட்ட எத்தனையோ தாய்மார்களிடம் அவள் சொல்லாத வார்த்தை அது. ஒரு குழந்தையைப் பற்றி அந்தக் கூடம் எதுவும் சொல்லாது. நூறு குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் ஒரு வார்த்தை சொல்லும். தம்பி பிள்ளை என்பதற்காக விதியை வளைத்து ஆறுதல் சொன்னால், அந்த ஆறுதலை யார் நம்புவது?

"பேராசிரியர் இப்ப வந்துடுவாங்கப்பா. இந்தப் பதிவை அவங்கதான் திறக்க முடியும்."

சொல்லி வாய் மூடுவதற்குள் பேராசிரியர் வந்தார். கையில் பயணப் பை, தலைமேல் மூக்குக் கண்ணாடி. தாளைப் பார்த்தார். முகத்தில் இருந்த பயணக் களைப்பு போய்விட்டது.

"திறக்கிறேன்" என்றார்.

கம்ப்யூட்டர் உயிர் பெற நேரம் எடுத்தது. அந்த இடைவெளியில் அப்பா தாளை மறுபடியும் கையில் எடுத்தார். மேலிருந்து கீழ், பிறகு ஓரம், பிறகு மூலை. எந்தக் காகிதத்தையும் அப்படித்தான் பார்ப்பார். வாழ்த்து அட்டை வந்தால்கூட முதலில் அஞ்சல் முத்திரையின் தேதியைப் படிக்கிறவர்.

"இங்கே பொடி எழுத்துல என்னமோ இருக்கே. ஒன்பது பத்து. இது என்ன நேரம்?"

"பதிவு தொடங்கின நேரம் சார்" என்றார் பேராசிரியர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"திங்கட்கிழமையா?"

"ஆமாம்."

"அப்ப இது தப்பு."

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு இவன் என் மடியில இருந்தான். எட்டரையில இருந்து ஒன்பதரை வரைக்கும் தினமும் என்கிட்டதான் இருப்பான். அன்னைக்கு என் கண்ணாடியைப் பிடுங்கிக் கம்பியை வளைச்சுட்டான். அந்த நேரத்துல இவன் இங்கேயும் இருந்தான்னு எந்தக் கோர்ட்லயும் நிக்காது."

"ஆமா மாமா!" தம்பி மனைவியின் குரல் உச்சத்துக்குப் போனது. "நாங்க இங்க வந்ததே பத்தரைக்கு. நீங்க குளிக்கப் போனப்புறம்தானே நான் கிளம்..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஓகோ" என்றார் அப்பா. "குளிக்கிற நேரம் பார்த்து."

பெரியவள் இதையெல்லாம் கேட்கவில்லை. ஒன்பது பத்து. அந்த நேரத்தில் கூடத்தில் இருந்தது ஒரே ஒரு ஆள்தான், அது அவள். என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது நினைவுக்கு வந்ததும், பக்கத்திலிருந்த மஞ்சள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"மேடம், அதுல ரெண்டு பதிவு இருக்கும். மொதல் பதிவைப் போடுங்க."

"நீங்க பார்க்கக்கூடாதே?"

"அதுல இருக்குறது நம்ம வீட்டுக் குழந்தை இல்லை."

பேராசிரியர் அழுத்தினார். திரையில் நாற்காலி தெரிந்தது. நாற்காலியில் பட்டை போட்டுக் கட்டி, கொழுகொழுவென்று, கண்ணை உருட்டி விழித்தபடி ஒரு ரப்பர் பொம்மை. எதிரே பெரியவளின் குரல் மட்டும் கேட்டது: "சமர்த்து, இப்படிப் பாரு கண்ணு. தலை சாயுதுடா செல்லம். நேரா உட்காரு. அழகு!"

அப்பா திரைக்கு அருகே குனிந்தார்.

"யார்கிட்டப் பேசுற?" என்றார் அப்பா மெதுவாக.

"பொம்மைகிட்டப்பா. அது பேர் சமர்த்து. அழவே அழாதுல்ல, அதான்." காது மடல் வரை சூடேறியது அவளுக்கு. "குழந்தை வர்றதுக்கு முன்னாடி அதை உட்கார வெச்சுத்தான் கேமராவைச் சரிபார்ப்போம்."

பொம்மைப் பதிவைப் பூஜ்யம் என்ற எண்ணில்தான் போட வேண்டும். அவள் கொஞ்ச நாளாக ஒரு குறுக்கு வழி வைத்திருந்தாள். வரப்போகும் குழந்தையின் எண்ணிலேயே பொம்மையையும் போட்டுவிட்டால், நாற்காலி உயரமும் கேமராக் கோணமும் அந்த எண்ணிலேயே நின்றுவிடும். உண்மையான பதிவு தொடங்கியதும் பொம்மைப் பதிவு தானாக அழிந்துவிடும். இத்தனை நாள் அழிந்தது. போன வாரக் கடைசியில் கம்ப்யூட்டரில் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டுப் போனார்கள். அது பழையதை அழிப்பதை நிறுத்திவிட்டது. அதோடு, முதல் பதிவை எண்ணி, கேட்காமலேயே அச்சடித்துத் தள்ளவும் தொடங்கியிருக்கிறது. அந்தத் தாள் சான்றிதழோடு சேர்ந்து பிரிண்டரில் விழுந்திருக்கிறது. அவள் பார்க்காமல் மடித்துக் கவரில் போட்டிருக்கிறாள்.

"அப்ப இது..." தம்பி மனைவி தாளைத் தொட்டாள். "இந்தப் பூஜ்யம் எல்லாம்..."

"பொம்மையோடதும்மா. கம்ப்யூட்டர் பாவம், சரியாத்தான் எண்ணியிருக்கு. பொம்மை எங்கே சிரிக்கும்?"

தம்பி மனைவி சிரித்தாள். சிரிப்பு நடுவழியில் அழுகையாகி, அழுகை மறுபடியும் சிரிப்பானது. "நாலு நாளா ஒரு ரப்பர் பொம்மைக்காகவா நான் சோறு தண்ணி இல்லாம..." குழந்தையின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பொட்டலம் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்துக் கெக்கலித்தது.

"ரெண்டாவது பதிவைப் போடுங்கம்மா" என்றார் அப்பா பேராசிரியரிடம். "பார்த்துட்டே போறேன்."

பெரியவள் எழுந்து, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்ன இது, பள்ளிக்கூடத்துல தண்டனை மாதிரி?"

"சொந்தக்காரக் குழந்தைப்பா. நான் பார்க்கக்கூடாது. நீங்க பாருங்க."

ஆகவே அவள் காதால் மட்டும் கேட்டாள். பின்னால் தம்பி மனைவியின் கொஞ்சல், குழந்தையின் சிரிப்பு. பிறகு கொஞ்சல் நின்றது. அமைதி. 'ம்?' என்று கேட்பதுபோல ஒரு சின்ன ஒலி. மறுபடியும் அமைதி. பிறகு ஒரு கூப்பாடு. பிறகு நாற்காலியின் தட்டில் படபடவென்று அடிக்கும் சத்தம்.

அப்பா தன்னை அறியாமல் நேர்முக வர்ணனை கொடுக்கத் தொடங்கியிருந்தார்.

"அம்மா மூஞ்சியையே பார்க்குறான். இப்ப சிரிச்சுக் காட்டுறான்... பலிக்கலை. கையை நீட்டுறான். அடேயப்பா, அதட்டுறான் பாரு! பதில் சொல்லாம எப்படி உட்கார்ந்திருக்கேன்னு கேக்குறான். விடமாட்டேங்குறான். சரியான ஆளு!"

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளின் தோள்கள் நாலு விரல் இறங்கின.

பதிவு முடிந்ததும் பேராசிரியர் சொன்னார்: "சார், ஒரு குழந்தையைப் பத்தி நாங்க எதுவும் சொல்றதில்லை. அதனால நான் ஒண்ணும் சொல்லலை. அந்தத் தாள் பொம்மையோடதுன்னு மட்டும் எழுதியே தரேன்."

"நீங்க சொல்லவே வேண்டாம். எனக்குக் கண்ணு இருக்கு." அப்பா தாளை மடித்துப் பேராசிரியரிடம் நீட்டினார். "சரி. வந்த விஷயம் முடிஞ்சுது. இது இந்த நாலு சுவத்துக்குள்ளேயே இருக்கட்டும்."

"முடியாதுப்பா" என்றாள் பெரியவள். நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். "தாள் வெளியே போனது போனதுதான். நெறிமுறைக் குழுவுக்கு இன்னைக்கே எழுதணும்."

பேராசிரியர் கொஞ்சம் யோசித்தார். "மென்பொருள் கோளாறுன்னு எழுதிடலாம். அதுவும் பொய் இல்லையே."

பெரியவள் பதில் சொல்வதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "மென்பொருள் வந்து கையெழுத்துப் போடாதும்மா." பிறகு மகளைப் பார்த்தார். "குறுக்கு வழி யாருது?"

"என்னுது."

"அப்ப உன் கையால எழுது. என்ன செஞ்சே, எப்ப செஞ்சே, தேதியோட எழுது. கீழே முழுப் பேரையும் போடு. நம்ம வீட்டுப் பேர் அடுத்தவன் முதுகுக்குப் பின்னாடி நிக்கக்கூடாது."

தலையாட்டினாள் அவள். அடுத்த நொடியே வேறொன்று உறைத்தது. "மேடம், நீங்க கிளம்பினதுக்கு அப்புறம் பதிவே எடுக்கலை, ஆனா அன்னைக்கு மூணு குழந்தை. மூணுக்கும் காலையிலேயே பொம்மையை வெச்சு ஓட்டினேன். நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு, அந்த ரெண்டு கவர்லயும்..."

பெயர்ப் பட்டியலைத் திறந்தாள். போனை எடுத்தாள்.

நாற்பத்தெட்டின் தாய் விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்தப் பேப்பரா? நான் படிக்கவே இல்லைங்க. என் பெரியவ அதுல கப்பல் செஞ்சு தண்ணியில விட்டுட்டா."

நாற்பத்தாறின் எண்ணில் ஓர் ஆண் குரல் எடுத்தது, குழந்தையின் தகப்பன். அந்தத் தாளைப் பற்றி என்று ஆரம்பித்ததும் மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த டி.வி. அணைந்தது.

"அது உங்க குழந்தையோடது இல்லைங்க. கேமரா சரிபார்க்க வெச்ச பொம்மையோடது. தப்பு முழுக்க என்னுதுதான்."

"பொம்மையா?" என்றார் அவர். "நான் அவளை ஒரு வார்த்தை கேட்டுட்டேங்க. 'உங்க வீட்டுல யாருக்காவது இப்படி உண்டா'ன்னு. புதன்கிழமையே குழந்தையைத் தூக்கிட்டு அவ அக்கா வீட்டுக்குப் போய்ட்டா. என் போனை எடுக்க மாட்டேங்குறா. நீங்க நேர்ல போய்ச் சொல்றீங்களா? அந்த வீட்டு முகவரியை நான் தரேன்."

போனை வைத்ததும் பெரியவள் அவர் சொன்னதைச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நேத்து ராத்திரி சாப்பிடும்போது," என்றார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "நானும் அதையேதான் கேட்டேன். கொஞ்சம் மரியாதையா கேட்டேன்."

"மரியாதையாத்தான் வலிச்சுது மாமா" என்றாள் தம்பி மனைவி.

அவர் திரும்பினார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினார், குழந்தைக்காக.

"கேட்டிருக்கக்கூடாது. குடு இவனை. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க."

"நீங்க எங்கே இருப்பீங்க மாமா?"

"இங்கேதான்." அங்கிருந்த மஞ்சள் நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப் போட்டு, முழங்கால் முகவாயைத் தொட, அதில் உட்கார்ந்தார் முன்னாள் பதிவாளர். "பால் எந்தப் பையில இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

அந்த அக்காவின் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க ஏறி, பெரியவள் மணியை அழுத்தினாள். உள்ளே ஒரு குழந்தையின் குரல் கேட்டது. யாரோ அதை அவசரமாக அடக்கினார்கள்.

கதவு கையகலம் திறந்தது. சங்கிலியை எடுக்கவில்லை. இடுக்கில் தெரிந்த கண்கள் பெரியவளை அடையாளம் கண்டுகொண்டன, உடனே இறுகின.

"குழந்தையை மறுபடியும் கூட்டிட்டு வரச் சொல்றீங்களா? வர மாட்டேன். போயிடுங்க."

கதவு மூடப் போனது. பெரியவளைத் தள்ளிக்கொண்டு தம்பி மனைவி முன்னால் வந்து, இடுக்கில் கையை வைத்தாள்.

"ஒரு நிமிஷம்ங்க. நான் அந்த ஆபீஸ் ஆள் இல்லை. எனக்கும் அதே கவர் வந்துச்சு. நாலு பூஜ்யமும் மனப்பாடமாத் தெரியும். வரிசையாச் சொல்லவா?"

கதவு மூடவில்லை. திறக்கவும் இல்லை.

"சொல்லுங்க" என்றது உள்ளேயிருந்து வந்த குரல்.